குப்பைக் கிடங்கை எங்கே மாற்றுவது? எப்போது மாற்றுவது?
6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்கு நான்கு பாடவேளைச் செயல்பாடு

"ஊர்க் குப்பைக் கிடங்கு நிரம்பிவிட்டது. புதிய கிடங்கை எங்கே அமைக்கலாம்?" இந்தக் கேள்வியை எந்த வகுப்பில் கேட்டாலும் உடனே வரும் விடை, "ஊருக்கு வெளியே". "ஊருக்கு வெளியே யார் இருக்கிறார்கள்?" என்று அடுத்துக் கேட்டால் வகுப்பு சற்று அமைதியாகும். அந்த அமைதியிலிருந்துதான் இந்தப் பாடம் தொடங்குகிறது.

கணக்கு, புவியியல், குடிமையியல், அறிவியல் நான்கும் ஒரே கேள்விக்குள் வந்து சேரும் தலைப்புகள் நமக்கு அதிகம் கிடைப்பதில்லை. இது அப்படி ஒன்று. பாடநூலில் தனித்தனியாக இருக்கும் இடைநிலை அளவு, கூட்டு வட்டி, வட்டம் வரைதல், நிலத்தடி நீர், உள்ளாட்சி அமைப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் இங்கே வேலை இருக்கிறது.

பள்ளித் தொட்டியிலிருந்து தொடங்குவோம்

தொடக்கநிலை வகுப்புகளில் ஊர்க் கிடங்கு வரை போக வேண்டாம். பள்ளி வளாகத்தின் பெரிய குப்பைத் தொட்டியே போதும். அதை இப்போது இருக்கும் இடத்திலிருந்து நகர்த்த வேண்டும் என்றால் எங்கே வைக்கலாம்? குழந்தைகள் ஒவ்வொரு வகுப்பறை வாசலிலிருந்தும் காலடியால் அளந்து வரட்டும். எந்த வகுப்பில் ஒரு நாளில் எத்தனை கூடை குப்பை சேர்கிறது என்று ஒரு வாரம் எழுதி வைக்கட்டும். சத்துணவுக் கூடத்தில்தான் அதிகம் சேரும் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். "அப்படியானால் சத்துணவுக் கூடத்தை ஒட்டியே வைத்துவிடலாம்" என்று ஒரு குழந்தை சொல்லும். "ஈ மொய்க்குமே" என்று இன்னொரு குழந்தை சொல்லும். இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் முழுப் பாடமும் அடங்கிவிட்டது. குப்பை அதிகம் சேரும் இடத்துக்கு அருகே இருந்தால் நடை குறையும், ஆனால் தொல்லை கூடும். மழைக்காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, குடிநீர்க் குழாய் எங்கே இருக்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று அடுத்தடுத்துக் கேளுங்கள். இறுதியில் தலைமை ஆசிரியரின் ஒப்புதலுடன் தொட்டியை உண்மையிலேயே நகர்த்திவிடுங்கள். தாங்கள் எடுத்த முடிவு நடைமுறைக்கு வருவதைப் பார்க்கும் வாய்ப்பு குழந்தைகளுக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

நான்கு பகுதிகள், ஒரு சாலை

நடுநிலை, உயர்நிலை வகுப்புகளுக்கு ஒரு கற்பனைச் சிற்றூரை எடுத்துக்கொள்வோம். நேரான ஒரே சாலை. அதன் தொடக்கத்தில், 0 கி.மீ. தொலைவில் கடைத்தெரு. 2 கி.மீ. தொலைவில் புதுநகர், 3 கி.மீ. தொலைவில் இரயிலடி, 10 கி.மீ. தொலைவில் ஏரிக்கரை. ஒரு நாளில் சேரும் குப்பை முறையே 8 டன், 5 டன், 4 டன், 3 டன். மொத்தம் 20 டன். குப்பை வண்டிகள் மிகக் குறைவாக ஓட வேண்டுமானால் கிடங்கு எங்கே இருக்க வேண்டும்?

பெரும்பாலான மாணவர்கள் கூட்டுச் சராசரி காண்பார்கள். (8×0 + 5×2 + 4×3 + 3×10) ÷ 20 = 2.6 கி.மீ. பார்ப்பதற்குச் சரியான விடை போலவே இருக்கும். அங்கே கிடங்கு இருந்தால் நாள்தோறும் எத்தனை டன்-கிலோமீட்டர் என்று கணக்கிடச் சொல்லுங்கள். கடைத்தெருவின் 8 டன் 2.6 கி.மீ. பயணம் செய்தால் 20.8. மற்ற மூன்று பகுதிகளையும் இதேபோலக் கண்டு கூட்டினால் 47.6 வரும். இப்போது புதுநகரில், அதாவது 2 கி.மீ. புள்ளியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 16 + 0 + 4 + 24 = 44. சராசரிப் புள்ளியைவிடக் குறைவு!

ஏன் இப்படி? விளக்கம் எளிது. கிடங்கு புதுநகரில் இருக்கும்போது அதை ஒரு கிலோமீட்டர் கிழக்கே, இரயிலடிப் பக்கம் நகர்த்தினால், 7 டன் குப்பைக்கு ஒரு கிலோமீட்டர் மிச்சம், ஆனால் 13 டன் குப்பைக்கு ஒரு கிலோமீட்டர் கூடுதல். மேற்கே நகர்த்தினால் 8 டன்னுக்கு மிச்சம், 12 டன்னுக்குக் கூடுதல். எந்தப் பக்கம் நகர்த்தினாலும் நட்டம். குப்பையின் எடையை வரிசையாகக் கூட்டிக்கொண்டே வரும்போது பாதியைத் தாண்டும் இடம் அதுதான். அதாவது இடைநிலை அளவு. 'இடைநிலை அளவு எதற்குப் பயன்படும்?' என்று கேட்கும் மாணவருக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் கணக்கு சொல்லும் இந்த இடம் நெருக்கமான குடியிருப்புக்கு நடுவே இருக்கிறது. அங்கே கிடங்கு வைக்க எந்த ஊரும் ஒப்பாது, சட்டமும் விடாது. அப்படியானால் நடைமுறையில் எங்கே போகும்? வகுப்பைக் கேளுங்கள். ஏறக்குறைய எல்லோரும் ஏரிக்கரையைத்தான் காட்டுவார்கள். அங்கே வைத்தால் நாளொன்றுக்கு 80 + 40 + 28 + 0 = 148 டன்-கிலோமீட்டர். புதுநகரைப்போல மூன்று மடங்குக்கும் மேல். வண்டிச் செலவு கூடுகிறது. அதோடு, ஊரின் குப்பையில் வெறும் 15 விழுக்காட்டைப் போடும் பகுதி மீதி 85 விழுக்காட்டையும் சுமக்கிறது.

இந்த இடத்தில் நிறுத்துங்கள், விளக்க வேண்டாம். என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், ஏரிக்கரைக்காரங்க குப்பையே போடலைன்னாலும் அங்கதானே வைப்பாங்க?" அந்தக் கேள்விக்குப் பிறகு நான் பேச வேண்டிய தேவை அன்று அதிகம் இருக்கவில்லை.

கவராயத்தால் ஒரு சட்டம்

அடுத்த பாடவேளைக்கு வரைபடத்தாளும் கவராயமும் தேவை. மத்திய அரசின் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையைப் புதைக்கும் நிலம் எவற்றிலிருந்து எவ்வளவு விலகியிருக்க வேண்டும் என்று அளவு கொடுத்தன. ஆற்றிலிருந்து 100 மீட்டர். குளத்திலிருந்து 200 மீட்டர். நெடுஞ்சாலை, குடியிருப்பு, பொதுப் பூங்கா, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்தும் 200 மீட்டர். விமான நிலையத்திலிருந்து 20 கி.மீ.; குப்பை மேட்டைத் தேடி வரும் பறவைகள் விமானத்தில் மோதும் ஆபத்து உண்டு. கடந்த 100 ஆண்டுகளின் வெள்ளப் பரப்பு, கடலோர ஒழுங்குமுறை மண்டலம், ஈர நிலம் ஆகியவற்றுக்குள் கூடாது. தேர்ந்தெடுக்கும் நிலம் குறைந்தது 20 முதல் 25 ஆண்டுகளுக்குப் போதுமானதாக இருக்க வேண்டும்.

நமது கற்பனை ஊரின் வரைபடத்தில் ஒரு ஏரி, ஓர் ஓடை, நான்கு கிணறுகள், ஒரு நெடுஞ்சாலை ஆகியவற்றைக் குறித்துக் கொடுங்கள். மாணவர்கள் கிணறுகளைச் சுற்றி வட்டங்களும் சாலையை ஒட்டி இணைகோடுகளும் வரைந்து உட்பகுதியைத் தீட்டட்டும். முடிவில் தீட்டப்படாமல் எஞ்சும் இடம் எவ்வளவு சிறியது என்பதைப் பார்த்து அவர்களே வியப்பார்கள். சிலருக்கு இடமே எஞ்சாது. அதுவும் சரியான விடைதான்.

இந்தத் தொலைவுகள் எதற்கு என்பதற்கு அறிவியல் ஆசிரியரின் துணை வேண்டும். குவிந்து கிடக்கும் குப்பையில் மழைநீர் இறங்கும்போது கருத்த கசிவுநீர் உண்டாகிறது. அடியில் களிமண்ணும் நெகிழித் தாளும் பரப்பிய தடுப்பு இல்லையென்றால் அது நேராக நிலத்தடி நீரைச் சேரும். காற்றில்லாமல் அழுகும் மட்கும் குப்பையிலிருந்து மீத்தேன் வாயு வெளிப்படுகிறது. அதனால்தான் குப்பை மேட்டில் பிடித்த தீ எளிதில் அணைவதில்லை. 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கில் பிடித்த தீ ஒரு வாரத்துக்கும் மேல் எரிந்து, நகரப் பள்ளிகளுக்கு விடுமுறை விடவேண்டி வந்தது.

இடத்தேர்வு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே பெருங்குடி இருக்கிறது. தென்சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை உள்ளூர் மக்கள் 'கழுவெளி' என்றார்கள். சுற்றுப்புற ஏரிகளின் உபரி நீர் வந்து தங்கி, மெல்லக் கடலுக்கு வடியும் இடம் அது. பயிர் விளையாத, வீடு கட்ட முடியாத நிலம் என்பதால் பயனற்ற நிலமாகப் பார்க்கப்பட்டது. குப்பை கொட்ட ஏற்ற இடம் என்று தோன்றியதற்கும் அந்தப் பார்வையே காரணம். பல பத்தாண்டுகள் அங்கே குப்பை கொட்டப்பட்டது. அதே சதுப்பு நிலம் 2022ஆம் ஆண்டு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இப்போது பழைய குப்பையைத் தோண்டி, சலித்து, மண்ணைத் தனியாகவும் நெகிழியைத் தனியாகவும் பிரித்து நிலத்தை மீட்கும் பணி நடக்கிறது. 'பயோமைனிங்' என்று நாளிதழ்களில் வருவது இதுதான். 'தரிசு', 'புறம்போக்கு', 'வெற்று நிலம்' ஆகிய சொற்களை வரைபடத்தில் காணும்போது அந்த நிலம் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்று கேட்கும் பழக்கத்தை மாணவரிடம் உண்டாக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

'எப்போது' என்ற கேள்வி

இடம் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் காலம் பற்றிப் பேசுவதில்லை. பாடத்தின் கனமான பகுதி இதுதான் என்பது என் கருத்து. நேரம் குறைவாக இருந்தால் வேறு எதையாவது விடுங்கள், இதை விடாதீர்கள்.

நமது ஊரின் பழைய கிடங்கில் இன்னும் 91,250 கன மீட்டர் இடம் இருக்கிறது என்று கொள்வோம். அழுத்திப் பரப்பிய ஒரு டன் குப்பை 1.25 கன மீட்டர் இடத்தைப் பிடிக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். நாளுக்கு 20 டன் என்றால் 25 கன மீட்டர்; ஆண்டுக்கு 9,125 கன மீட்டர். வகுத்தால் சரியாக 10 ஆண்டுகள். மாணவர்கள் மகிழ்ச்சியோடு விடையை எழுதுவார்கள்.

இப்போது, ஊர் வளர்வதால் குப்பை ஆண்டுக்கு 5 விழுக்காடு கூடுகிறது என்று சொல்லுங்கள். எட்டாம் வகுப்பின் கூட்டு வட்டிக் கணக்கு இங்கே அப்படியே பொருந்தும். முதல் ஆண்டு 9,125, இரண்டாம் ஆண்டு 9,581, மூன்றாம் ஆண்டு 10,060 என்று அட்டவணை நீளும். எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 87,140 கன மீட்டர் நிரம்பிவிடும். ஒன்பதாம் ஆண்டின் நான்காம் மாதத்தில் கிடங்கு நிறைந்துவிடும். பத்து ஆண்டு என்று நினைத்தது எட்டேகால் ஆண்டானது.

அடுத்து, பின்னிருந்து எண்ணச் செய்யுங்கள். இடம் தேட ஓராண்டு, மண்ணையும் நீரையும் ஆய்வு செய்து சுற்றுச்சூழல் அனுமதி பெற ஒன்றரை ஆண்டு, மக்களிடம் கருத்துக் கேட்டு நிலம் பெற ஓராண்டு, கட்டுமானத்துக்கு ஒன்றரை ஆண்டு. பழையதும் புதியதும் சேர்ந்து இயங்கும் மாற்றக் காலம் ஓராண்டு. இவை வகுப்புக்காக நாம் கொள்ளும் அளவுகளே. மொத்தம் ஆறு ஆண்டுகள். எட்டேகாலில் ஆறு போக, இரண்டேகால். ஆக, இன்றிலிருந்து மூன்றாம் ஆண்டிலேயே வேலையைத் தொடங்கியாக வேண்டும். அப்போது பழைய கிடங்கின் எஞ்சிய இடத்தில் கால் பங்குகூட நிரம்பியிருக்காது! நாற்றம் பழகிப்போயிருக்கும், யாரும் புகார் கொடுத்திருக்க மாட்டார்கள். முடிவெடுக்கச் சரியான காலம், முடிவெடுக்கத் தேவையே இல்லை என்று எல்லோருக்கும் தோன்றும் காலமாக இருக்கிறது.

இதைத் தவறவிட்ட ஊர்கள் உலகெங்கும் உண்டு. தில்லியின் காசிப்பூர் கிடங்கு 1984இல் தொடங்கப்பட்டது. 2002ஆம் ஆண்டிலேயே கொள்ளளவு முடிந்துவிட்டது. அதன் பிறகும் கொட்டிக்கொண்டே போனதில் மலைபோல் உயர்ந்து, 2017 செப்டம்பர் 1 அன்று ஒரு பகுதி சரிந்து இருவர் இறந்தனர். அதே ஆண்டு ஏப்ரல் 14 அன்று, சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பை மலை வீடுகளின் மேல் சரிந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பிறகு அவசரமாக மாற்று இடங்கள் தேட வேண்டியதாயிற்று. கொழும்பின் குப்பையை இரயிலில் ஏற்றி ஏறத்தாழ 170 கி.மீ. தொலைவில், புத்தளம் மாவட்டத்தின் அருவக்காட்டில் புதைக்கும் திட்டத்தை எதிர்த்து 2018இல் அங்குள்ள மக்கள் போராடினார்கள். நமது ஏரிக்கரை அங்கே புத்தளம்.

நியூயார்க்கின் 'பிரெஷ் கில்ஸ்' கிடங்கு வேறு வகைப் பாடம். 1948இல் அது திறக்கப்பட்டபோது சில ஆண்டுகளுக்கான தற்காலிக ஏற்பாடு என்றே சொல்லப்பட்டது. மூடப்பட்டது 2001 மார்ச்சில். 'தற்காலிகமாக' என்ற சொல்லை ஓர் அறிவிப்பில் பார்த்தால் "எந்தத் தேதி வரை?" என்று கேட்க மாணவருக்குச் சொல்லிக் கொடுங்கள்.

மக்களைக் கேட்காமல் இடம் குறித்தால் காலக் கணக்கும் பொய்த்துப்போகும். திருவனந்தபுரம் நகரின் குப்பை 2000ஆம் ஆண்டு முதல் விளப்பில்சாலை என்ற சிற்றூரில் அமைந்த உர ஆலைக்குப் போனது. நாற்றத்தாலும் கெட்டுப்போன நீராலும் அவதிப்பட்ட ஊரார் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2011 டிசம்பரில் ஊராட்சியே ஆலையின் கதவைப் பூட்டியது. மாற்று ஏற்பாடு இல்லாத நகரம் திணறியது. ஆனால் அந்த நெருக்கடிதான் வீட்டிலேயே குழாயிலும் தொட்டியிலும் உரமாக்கும் முறையை நோக்கி அந்நகரைத் தள்ளியது.

பாதியாகக் குறைத்தால்?

இந்த இடத்தில் மீண்டும் கணக்குக்கு வருவோம். நம் ஊர்களின் குப்பையில் ஏறத்தாழ பாதி மட்கும் குப்பை. அதை அந்தந்தப் பகுதியிலேயே உரமாக்கிவிட்டால் கிடங்குக்குப் போவது 10 டன் மட்டுமே. ஏரிக்கரைக்குப் போகும் 148 டன்-கிலோமீட்டர் 74 ஆகிவிடும். கிடங்கின் ஆயுள்? "இரட்டிப்பாகும்" என்று வகுப்பு சொல்லும். 5 விழுக்காடு வளர்ச்சியோடு அட்டவணை போடச் சொல்லுங்கள். 14 ஆண்டுகளை ஒட்டி நிற்கும், பதினாறரையைத் தொடாது. ஏன் இரட்டிப்பாகவில்லை என்பதைப் பத்து நிமிடம் விவாதிக்க விடுங்கள். பத்தாம் வகுப்பில் பெருக்குத் தொடர் படிக்கும்போது இந்த விவாதம் கைகொடுக்கும்.

நகராட்சிகளின் நுண் உர செயலாக்க மையம் ஒன்று பள்ளிக்கு அருகில் இருந்தால் ஒரு முறை அழைத்துச் செல்லலாம். அங்கும் இதே 'எங்கே' கேள்வி உண்டு. பல ஊர்களில் இந்த மையங்களுக்கும் எதிர்ப்பு வந்திருக்கிறது. சிறிது சிறிதாகப் பிரித்து வைத்தால் யாருக்கும் பெரிய சுமை இல்லை என்பது ஒரு பக்கம். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தொல்லை என்பது மறுபக்கம். இரண்டையும் வகுப்பில் பேச விடுங்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டம்

நான்காம் பாடவேளை நடிப்புக்கு. நகராட்சி ஆணையர், நான்கு பகுதி உறுப்பினர்கள், தூய்மைப் பணியாளர், குப்பை வண்டி ஓட்டுநர், ஏரிப்பாசன விவசாயி, கிடங்கில் பழைய பொருள் பொறுக்கிப் பிழைக்கும் ஒருவர். கடைசி இருவரையும் மாணவர்கள் மறந்துவிடுவார்கள், நீங்கள் மறக்க வேண்டாம். கிடங்கு இடம் மாறினால் பொறுக்குபவரின் வருமானமும் நின்றுபோகும் என்பதை யாராவது சொல்ல வேண்டும்.

வேடங்களைக் குலுக்கல் முறையில் கொடுங்கள். இதில் ஆசிரியர் கவனமாக இருக்க வேண்டிய ஒன்று உண்டு. நமது வகுப்பில் உண்மையிலேயே குப்பைக் கிடங்குக்கு அருகில் வசிக்கும் பிள்ளைகள் இருக்கலாம். பெற்றோர் தூய்மைப் பணியாளராக இருக்கும் பிள்ளைகளும் இருக்கலாம். "உனக்குத்தான் தெரியும், நீ சொல்லு" என்று அவர்களைச் சுட்டிக் கேட்கக் கூடாது. அவர்கள் தாமாகப் பேசினால் கேட்க வேண்டும். பேசாவிட்டால் அது அவர்கள் விருப்பம். குலுக்கலில் அந்தப் பிள்ளைக்கு ஏரிக்கரை உறுப்பினர் வேடமே வந்தால், எல்லோருக்கும் ஒரு முறை வேடத்தை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு என்று அறிவித்துவிடுங்கள். தொடங்கும் முன்பே இந்த விதியைச் சொல்லிவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை. 'நாறுது', 'குப்பைமேட்டுக்காரன்' போன்ற சொற்கள் நடிப்புக்குள் வந்தாலும் உடனே நிறுத்துங்கள்.

கூட்டம் பாதியில் இருக்கும்போது ஒரு நிபந்தனையைச் சேருங்கள்: கிடங்கை ஏற்கும் பகுதிக்கு மற்றப் பகுதிகள் என்ன தரும்? குழாய்க் குடிநீர், மருத்துவ முகாம், சாலை, மூடும் தேதியை எழுத்தில் தரும் உறுதி என்று பட்டியல் நீளும். சில வகுப்புகள் பத்து ஆண்டுக்கு ஒரு முறை சுமையை அடுத்த பகுதிக்கு மாற்றலாம் என்று சொல்லும். ஒரு கிடங்கை மூடுவதற்கே எவ்வளவு செலவாகும் என்று அப்போது கேளுங்கள்.

மதிப்பீடு

எந்த இடத்தைத் தேர்ந்தார்கள் என்பதற்கு மதிப்பெண் இல்லை. கணக்கு சரியா, விலக்க வேண்டிய இடங்களை விலக்கினார்களா, தம் முடிவால் யார் எதை இழக்கிறார்கள் என்று எழுதினார்களா, பணி தொடங்க வேண்டிய ஆண்டைக் குறித்தார்களா என்பதையே பாருங்கள். ஏழாம் வகுப்புக்கு இடைநிலை அளவு வரை போதும். கூட்டு வளர்ச்சி அட்டவணையை எட்டாம் வகுப்பிலிருந்து சேர்க்கலாம். எழுத்துப் பணியாக, ஏரிக்கரைவாசி ஒருவர் ஆணையருக்கு எழுதும் கடிதத்தையும் அதற்கு ஆணையர் எழுதும் பதிலையும் ஒரே மாணவர் எழுதட்டும். இரண்டாவது கடிதம்தான் கடினம். பெரும்பாலானோர் அதில் "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று எழுதி முடித்துவிடுவார்கள். அத்தாளைத் திருப்பிக் கொடுத்து, என்ன நடவடிக்கை, எந்தத் தேதிக்குள் என்று நிரப்பி வரச் சொல்லுங்கள்.